பச்சை யாருக்கு?

உடப்புசல்லாவையில் இருந்துகொண்டு கொழும்புப் பூங்காக்களைப் பற்றி எழுதுவானேன் என்று நண்பர் ஒருவர் கேட்டார். கண்ணுக்கெட்டிய தூரம் பசுமை பரந்துகிடக்கும் ஊர்தான் இது. ஆனால் இப்பச்சை ஒரே செடியின் பச்சை. அதில் கொழுந்து பறிக்கும் தாய்மாருள் பெரும்பாலோருக்குத் தம் குழந்தை விளையாடச் சொந்தமென்று ஓரடி நிலமில்லை. ஆகவே, பசுமை என்றதும் அது யாருடையது என்று கேட்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

1921இல் பற்றிக் கெடிஸ் தீட்டிய திட்டம் கொழும்பைத் தோட்ட நகரமாகக் கனவு கண்டது. (தோட்டம் என்ற சொல் எங்கள் செவியில் வேறு பொருள்படும், அது கிடக்கட்டும்.) அதற்கும் முன்னர், 1859இல் காலிமுகத்திடலின் நடைபாதையைக் கட்டி முடித்த தேசாதிபதி ஹென்றி வார்ட், கொழும்பின் சீமாட்டிகளுக்கும் குழந்தைகளுக்குமாக அதனைப் பேணுமாறு தம் பின்னோரைக் கேட்டுக் கல்வெட்டும் நாட்டினார். அச்சீமாட்டிகளுள் நம் பாட்டிமார் இருந்திரார். ஆயினும் பட்டம் விட்டும் இஸ்ஸோ வடை தின்றும் மக்கள் அத்திடலைத் தமதாக்கிக்கொண்டனர். 2022இல் ஒரு ஜனாதிபதியைப் பதவி துறக்கவைத்த போராட்டம் கூடாரமடித்ததும் அங்கேதான். ஜூலை 22 விடியுமுன் படையினர் வந்து கூடாரங்களைப் பிடுங்கியதும் அங்கேதான். என்னிடம் படித்துவிட்டுக் கொழும்புக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்த பையன், தீபாவளிக்கு வந்தபோது சொன்னான்: “அங்க புல்லுல உட்கார்ந்தா யாரும் எழும்பச் சொல்றதில்ல சார்.”

நெய்தலைப் பாடிய சங்கப் புலவர் கழியையும் கானலையும் கண்டனர். நம் திட்டக்காரரோ நெடுங்காலம் செதுக்கிய புல்தரையை மட்டுமே கண்டனர். சதுப்பு அவர்களுக்கு மண்கொட்டி மேடாக்கவேண்டிய வெற்றிடம். மழைவெள்ளத்தைத் தாங்கித் தேக்கும் அச்சதுப்பு சுருங்கியதன் பலனை, 2010 நவம்பரில் நாடாளுமன்றத்தையே வெள்ளம் சூழ்ந்தபோது ஆள்வோரும் அறிந்தனர். பின்னர் பெத்தகானவில் ஈரநிலப் பூங்கா எழுந்தது. 2018இல் ராம்சார் சாசனம் கொழும்பை ஈரநில நகரமாக ஏற்றது. இவை மெய்யான நன்மைகளே, மறுப்பதற்கில்லை.

ஆனால் அதற்கு முந்திய ஆண்டில்தான், ஏப்ரல் 14 புத்தாண்டு நாளன்று, மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதுவும் கொலன்னாவைச் சதுப்பையொட்டிய நிலமே. மாநகரின் முகத்தில் பூச்செடி வைத்தவர்கள் அதன் கழிவை ஏழையின் கொல்லைப்புறத்தில் குவித்தார்கள். இதனையும் நகர அழகுபடுத்தலின் கணக்கிலேயே எழுதவேண்டும்.

வனாத்தமுல்லையில் அடுக்குமாடியில் குடியேற்றப்பட்ட கிழவிக்கு, மின்தூக்கி பழுதான நாளில், ஒரு நிழல்மரம் எத்தனை படிகளுக்கு அப்பால் இருக்கிறது என்பதைத் திட்ட அறிக்கையின் முதற்பக்கத்தில் எழுதட்டும். எத்தனை ஏக்கர் என்பதைப் பிறகு பேசலாம்.