ஐ.பி.எம். மாடல் எம்: உடைவது பிளாஸ்டிக், உழைப்பது ஸ்பிரிங்

பழைய ஐ.பி.எம். மாடல் எம் கீபோர்டு ஒன்று விலைக்கு வந்தால், முதலில் அதைக் கவிழ்த்துப் பாருங்கள். முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளில் பாக எண், வரிசை எண், தயாரித்த தேதி எல்லாம் இருக்கும். பாக எண் 1391401 என்றால் அதுதான் பரவலாக விற்ற 101 விசை அமெரிக்க மாடல். தைரியமாகப் பேரம் பேசலாம். அடுத்து, இரண்டு கையாலும் தூக்கி மெல்ல ஆட்டுங்கள். பெரும்பாலும் உள்ளே ஏதோ பொடிப்பொடியாக உருளும் சத்தம் கேட்கும். இந்தக் கீபோர்டின் ஒரே பெரிய வியாதி அது. மருந்து எளிது: ஒரு டிரில், ஒரு பொட்டலம் போல்ட்டு நட்டு, ஒரு வார இறுதிக்கான பொறுமை.

அப்படி ஒன்றை வாங்கி, பிரித்து, துளையிட்டு, போல்ட் போட்டு, யு.எஸ்.பி.க்கு மாற்றி, அன்றாட வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த விமர்சனம் எழுதியதும் அதில்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வயதான ஒரு பொருளுக்கு இவ்வளவு மெனக்கெடலாமா, மெனக்கெட்டால் கிடைப்பது என்ன என்று பார்ப்போம்.

எங்கே பிறந்தது

மாடல் எம் 1985-இல் வந்தது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரில் இருந்த ஐ.பி.எம். ஆலை இதன் தாய்வீடு. ஸ்காட்லாந்தின் கிரீனக்கிலும் தயாரானது. 1987-இல் பி.எஸ்/2 கணினிகளோடு சேர்ந்து உலகெங்கும் போனது. மேல்வரிசையில் 12 எஃப் விசைகள், தலைகீழ் டி வடிவில் அம்புக்குறிகள், வலது ஓரத்தில் எண் பலகை என்று இன்று நாம் பார்க்கும் முழு அளவுக் கீபோர்டின் அமைப்பை வழக்கமாக்கியது இதுதான். 1991-இல் லெக்சிங்டன் ஆலை லெக்ஸ்மார்க் என்ற தனி நிறுவனமாகப் பிரிந்தது. 1996-இல் அது கீபோர்டுத் தொழிலைக் கைவிட்டபோது அச்சுகளையும் கருவிகளையும் யூனிகாம்ப் வாங்கிக்கொண்டது. அதே லெக்சிங்டனில் அந்த நிறுவனம் இப்போதும் மாடல் எம் செய்து விற்கிறது.

மடியும் ஸ்பிரிங்

விசையின் தொப்பியைக் கழற்றினால் கீழே ஒரு பிளாஸ்டிக் குழாய், அதற்குள் ஒரு மெல்லிய ஸ்பிரிங். அதன் அடியில் முன்னும் பின்னும் சாயக்கூடிய சிறு பிளாஸ்டிக் தகடு. இதைச் சுத்தியல் என்கிறார்கள். விசையை அழுத்த அழுத்த ஸ்பிரிங் சுருங்கி, ஒரு கட்டத்துக்கு மேல் தாங்காமல் பக்கவாட்டில் மடிகிறது. மடிந்த ஸ்பிரிங் குழாயின் சுவரில் அடிப்பதுதான் அந்தப் புகழ்பெற்ற ‘கிளிக்’. அதே கணத்தில் சுத்தியல் சாய்ந்து, கீழே உள்ள மெம்பரேனை அழுத்தி, எழுத்து பதிவாகிறது. ஐ.பி.எம். பொறியாளர் ரிச்சர்ட் ஹாரிஸ் இந்த மடியும் ஸ்பிரிங் அமைப்புக்கு 1978-இல் காப்புரிமை பெற்றார்.

இங்கே விரல் உணரும் தடை, காது கேட்கும் ஒலி, எழுத்து பதிவாகும் நொடி மூன்றுக்கும் காரணம் ஒரே ஸ்பிரிங். இன்று கடைகளில் கிடைக்கும் செர்ரி எம்.எக்ஸ். ப்ளூ வகைச் சுவிட்சுகளில் கிளிக் ஒலியைத் தருவது ஒரு துண்டு, மின்தொடர்பைத் தருவது வேறொரு துண்டு. அதனால்தான் மாடல் எம்-இல் பழகியவர்கள் மற்றவற்றை ஒட்டாத சத்தம் என்று குறை சொல்கிறார்கள். நானும் அந்தக் கட்சிக்கு வந்துவிட்டேன்.

சிக்கனம் வைத்த இடம்

இதற்கு முந்தைய மாடல் எஃப் 1981-இல் முதல் ஐ.பி.எம். பி.சி.யோடு வந்தது. அதில் மேலும் கீழும் இரும்புத் தகடுகள், நடுவே சர்க்யூட் போர்டு. உறுதியானது, ஆனால் செலவு அதிகம். மாடல் எம்-இல் சர்க்யூட் போர்டு போய் மெம்பரேன் வந்தது. மேல் இரும்புத் தகடு போய், குழாய்களோடு சேர்த்து வார்த்த ஒரே பிளாஸ்டிக் பலகை வந்தது. கீழ் இரும்பு மட்டும் மிஞ்சியது. பிளாஸ்டிக் பலகையின் அடியில் சுமார் ஐம்பது சிறு தண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை இரும்புத் தகட்டின் துளைகளில் நுழைத்து, நுனியை உருக்கி அழுத்திவிட்டார்கள். ரிவெட் அடித்ததுபோல் ஆயிற்று.

இரும்புக்கு ஒன்றும் ஆகாது, ஸ்பிரிங்கும் தளராது. பிளாஸ்டிக் தண்டுகள் மட்டும் வயதாக ஆக நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடுகின்றன. தகடு வளைவாக இருப்பதால் அவற்றின் மேல் எப்போதும் இழுவிசை உண்டு. ஒரு முறை கீழே விழுந்தால் போதும், பத்து தலைகள் தெறித்துவிடும். ஆட்டிப் பார்த்தபோது உருண்டவை அந்தத் தலைகள்தான். பிடிப்பு போன இடத்தில் பலகைக்கும் தகட்டுக்கும் இடைவெளி விழும். அங்குள்ள விசைகள் தொளதொளக்கும், பிறகு ஊமையாகும். உருக்கி ஒட்டியதைத் திரும்பத் திறக்க வழியில்லை என்பதால் உள்ளே ஒரு ஸ்பிரிங் பழுதானாலும் மாற்ற முடியாது.

போல்ட் வேலை

மேலோட்டைத் திறக்கவே ஒரு தனிக் கருவி வேண்டும். நான்கு அறுகோண ஸ்க்ரூக்களும் ஆழக் குழிக்குள் இருக்கின்றன; 5.5 மி.மீ. நட் டிரைவர் பொருந்தும், ஆனால் அதன் சுவர் மெல்லியதாக இருக்க வேண்டும். தடித்த சாக்கெட் குழிக்குள் இறங்காது.

பிறகு விசைத் தொப்பிகள். 1391401-இல் பெரும்பாலான விசைகள் இரண்டு துண்டு: மேலே எழுத்துள்ள தொப்பி, கீழே தண்டு. தொப்பிகள் பி.பி.டி. பிளாஸ்டிக், எழுத்துகள் சாயமாக உள்ளே ஊறியவை, தேய்ந்து அழியாதவை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஒரு இரவு ஊறினால் பல அலுவலகங்களின் அழுக்கும் கழன்றுவிடும். தகடு வளைவாக இருப்பதால் தொப்பிகள் எல்லா வரிசைக்கும் ஒரே வடிவம். வேறு தளக்கோலத்துக்கு எழுத்துகளை இடம் மாற்றிப் போடவும் தடையில்லை.

கன்ட்ரோலரோடு இணையும் மெம்பரேன் வால்களை உருவும்போது நிதானம் வேண்டும். வயதான வால் மடங்கினால் உள்ளிருக்கும் கோடு அறுந்துபோகும். தரையிணைப்பு ஒயரையும் கழற்றிய பின், பலகையைக் குப்புற வைத்து, மிச்சமிருக்கும் ரிவெட் தலைகளை உளியால் சீவிவிட்டு, இரும்புத் தகட்டை மேலாகத் தூக்க வேண்டும். குப்புற வைப்பது முக்கியம். நிமிர்ந்த நிலையில் தூக்கினால் நூற்றுச் சொச்சம் சுத்தியலும் ஸ்பிரிங்கும் தரையெல்லாம் சிதறும்.

சுத்தியல்களை எடுத்து வைத்துவிட்டு, ஒவ்வொரு தண்டின் இடத்திலும் 1.5 மி.மீ. துளை. வேலையின் கஷ்டமான பகுதி இதுதான். துளை பிளாஸ்டிக்குக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும்; சாய்ந்தால் பக்கத்துக் குழாயின் சுவரைக் குத்திவிடும். மின் டிரில்லைவிடக் கையால் சுழற்றும் சிறிய டிரில் பாதுகாப்பானது. பிறகு சுத்தியல்கள், ரப்பர் விரிப்பு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்த மெம்பரேன், தகடு என்று அதே வரிசையில் அடுக்கி, 8 மி.மீ. நீள எம்2 போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பூட்ட வேண்டும். ஒன்றையே முழுக்க முறுக்காமல் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவது நல்லது. அதிகமாக முறுக்கினால் பிளாஸ்டிக் விரிசல் விடும். ஸ்பேஸ் பார் பக்கத்துக் கடைசி வரிசையில் சில இடங்களில் போல்ட்டுக்கு இடம் போதாது. அங்கே விட்டுவிடலாம், பிடிப்பில் வித்தியாசம் தெரியாது.

தொப்பிகளைத் திரும்பப் போடும்போது கீபோர்டைச் செங்குத்தாக நிறுத்தி, ஸ்பிரிங் நேராக நிற்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். கிளிக் வராத விசை இருந்தால் ஸ்பிரிங் கோணலாக மாட்டியிருக்கிறது என்று பொருள். தொப்பியை எடுத்து மறுபடி போட்டால் சரியாகிவிடும்.

மஞ்சளித்த மேலோட்டை ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் காயவைத்து வெளுக்கும் வழக்கமும் உண்டு. நான் செய்யவில்லை. வெளுப்பு நிலைப்பதில்லை, சில ஆண்டுகளில் மஞ்சள் திரும்பிவிடும். சரியாகத் தடவாவிட்டால் திட்டுத்திட்டாகவும் நிற்கும்.

யு.எஸ்.பி.க்கு

கடையில் கிடைக்கும் ஊதா நிறச் சிறு அடாப்டர் வேலைக்கு ஆகாது. அது ஒயரை ஒயரோடு சேர்க்கிறதே தவிர மொழிபெயர்ப்பதில்லை. 1391401 பேசுவது பி.எஸ்/2 மொழி மட்டும். சிப் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும். அதிலும் மலிவானவை சில, பழைய கன்ட்ரோலர் கேட்கும் மின்னோட்டத்தைத் தர முடியாமல் திணறும். ஏ.டி.மெகா32யு4 சிப் உள்ள சிறு போர்டு ஒன்றில் கடிகாரம், தரவு, 5 வோல்ட், தரை என்று நான்கு ஒயர் பற்றவைத்து, இலவசமாகக் கிடைக்கும் சோரர் மென்பொருளை ஏற்றினால் விசைகளை விருப்பப்படி மாற்றியமைக்கவும் முடிகிறது. 1391401-இல் விண்டோஸ் விசை கிடையாது. கேப்ஸ் லாக்கை அந்த வேலைக்கு வைத்துக்கொண்டேன்.

தட்டிப் பார்த்ததில்

ஆங்கிலத்துக்கு இதைவிடத் துல்லியமான கீபோர்டை நான் தொட்டதில்லை. பாதி அழுத்தத்தில் எழுத்து விழுவது இல்லை; விழுந்ததா என்று திரையைப் பார்க்க வேண்டியதும் இல்லை.

தமிழ் வேறு கதை. நான் எழுதுவது தமிழ்99-இல். உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில் என்பதால் இரண்டு கையும் மாறி மாறி இயங்கும். மாடல் எம்-இன் தாளத்துக்கு அது அழகாகப் பொருந்துகிறது. ஆனால் ந, ய, ச, ண, ஞ, ழ ஆறும் வலது சுண்டுவிரலின் தலையில் விழுகின்றன. ஆங்கிலத்தில் அந்த இடங்களில் பெரும்பாலும் நிறுத்தற்குறிகளே இருக்கின்றன. தமிழில் ‘நான்’, ‘செய்’ என்று வாக்கியத்துக்கு வாக்கியம் அங்கே போயாக வேண்டும். ஒவ்வொரு விசையும் சுமார் 70 கிராம் அழுத்தம் கேட்கிறது. லேப்டாப் விசைகளுக்குப் பழகிய சுண்டுவிரல் முதலில் வலிக்கும். பழகிய பிறகு வலி போய்விட்டது. நீண்ட கட்டுரை எழுதும் நாளில் மட்டும் அலுப்பு தெரிகிறது.

மற்ற குறைகளும் உண்டு. மெம்பரேன் அமைப்பால் சில விசைகளை மூன்றாகச் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது பதிவாகாது. விளையாட்டுக்காரர்களுக்கு இது ஆகாது. அகலம் கிட்டத்தட்ட அரை மீட்டர், எடை இரண்டு கிலோவுக்கு மேல். சத்தம் அடுத்த அறைக்கும் கேட்கும். ஸ்பிரிங்குக்குள் பல் இடுக்கு நூலைத் துண்டு துண்டாக நறுக்கிச் சொருகினால் உலோக ரீங்காரம் அடங்குகிறது. அதோடு கிளிக்கின் கூர்மையும் கொஞ்சம் மழுங்குவதால் நான் நூலை எடுத்துவிட்டேன்.

வாங்கலாமா

வாங்குவதானால் இரண்டு எச்சரிக்கைகள். டெர்மினலுக்கான 122 விசை மாடல்கள் வேறு மொழி பேசும். கன்வெர்ட்டர் வேலை கூடும். மாடல் எம் பெயரில் ரப்பர் டோம் வைத்த அமைதியான வகையும் வந்திருக்கிறது. தொப்பியைக் கழற்றி ஸ்பிரிங் தெரிகிறதா பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் எடையின் காரணமாக அஞ்சல் கட்டணம் கீபோர்டின் விலையை நெருங்கலாம்.

கையில் கருவி எடுக்கப் பிடிக்காதவர்கள் யூனிகாம்பின் புதிய மாடல் எம்-ஐ வாங்கலாம். நூறு டாலருக்கு மேல் ஆகும், யு.எஸ்.பி. உண்டு, விண்டோஸ் விசையும் உண்டு. அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரரோடு சமாதானமாக இருக்க விரும்புகிறவர்கள் இரண்டையும் தவிர்க்கலாம்.

மற்றவர்களுக்கு, அதாவது நிறைய எழுதுகிறவர்களுக்கும் நட்டு போல்ட்டைக் கண்டால் கை பரபரக்கிறவர்களுக்கும், பழைய 1391401-ஐயே சிபாரிசு செய்வேன். போல்ட் போட்ட மாடல் எம் ஆலையிலிருந்து வந்ததைவிட ஒரு படி மேலானது. ஆலை அதை ஒரு முறை மூடுவதற்காகச் செய்தது. இப்போது ஒரு ஸ்பிரிங் வளைந்தாலோ மெம்பரேன் மேல் காபி சிந்தினாலோ, நட்டுகளைக் கழற்றி, பழுதானதை மாற்றி, மறுபடி பூட்டிவிடலாம். முதல் முறை எடுத்த நேரத்தில் பாதிகூட இரண்டாம் முறை ஆகாது.