‘புலிக்கலைஞன்’: ஓர் அலுவலகக் கதை

அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’ பற்றி நான் படித்தவரையில் எல்லோரும் காதரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அழிந்துவரும் ஒரு கலை, அதைச் சுமந்து திரியும் ஏழை, அவனுக்கு இடம் தராத சினிமா. தவறென்று சொல்லிவிட முடியாது. ஆனால் கதை காதரிடத்தில் தொடங்கவில்லை. ஒரு ஸ்டுடியோ அலுவலகத்தின் டிபன் இடைவேளையில் தொடங்குகிறது. தங்களை ‘நாங்கள்’ என்று சொல்லிக்கொள்ளும் மாதச் சம்பளக்காரர்கள். செய்ய வேலையில்லாமல் சம்பளம் மட்டும் வாங்கிக்கொண்டிருப்பவர்கள். இடைவேளைக்கும் வேலை நேரத்துக்கும் வித்தியாசம் அழிந்துபோன ஒரு பகலில்தான் காதர் உள்ளே வருகிறார். 1952 முதல் 1966 வரை ஜெமினி ஸ்டுடியோவில் உத்தியோகம் பார்த்தவர் அசோகமித்திரன். அலுவலகம் அவருக்குப் பின்னணித் திரை அல்ல. அதுவே கதையின் விஷயம் என்று எனக்குப் படுகிறது.

இப்படிப் படிக்கத் தூண்டியது ஒரு படிவம். நான் வேலை பார்க்கும் இடத்தில் வருஷா வருஷம் ‘வேலைத் திருப்தி’க்கு ஒன்றிலிருந்து ஐந்துவரை மார்க் போடச் சொல்கிறார்கள். இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று நிர்வாகவியலின் மூல நூல்களைத் தேடிப் போனேன். அவையும் ஒரு வகையில் கதைகளே. அவற்றிலும் பாத்திரங்கள் உண்டு. கதைசொல்லியின் கண் தவறவிடுகிற விஷயங்களும் உண்டு.

ஃப்ரெடெரிக் டெய்லரின் ‘விஞ்ஞான நிர்வாகம்’ பற்றிய நூல் 1911இல் வந்தது. அதன் பிரதான பாத்திரம் ஷ்மிட் என்ற கூலித் தொழிலாளி. 1899இல், பென்சில்வேனியாவின் பெத்லஹேம் உருக்காலையில் இரும்புப் பாளங்களை ரயில் வேகனில் ஏற்றுகிறவர். ஆளுக்கு நாளொன்றுக்கு 12½ டன் ஏற்றிக்கொண்டிருந்த இடத்தில் ஷ்மிட் 47½ டன் ஏற்றினார். கூலி ஒரு டாலர் 15 சென்ட்டிலிருந்து ஒரு டாலர் 85 சென்ட் ஆயிற்று. அதாவது வேலை ஏறக்குறைய நான்கு மடங்கு, கூலி ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். இந்த வேலைக்கு மாட்டின் மந்தபுத்தி உள்ளவனே பொருத்தம் என்கிறார் டெய்லர். ஷ்மிட்டோடு நடத்திய உரையாடலையும் கொச்சை உச்சரிப்போடு எழுதிவைக்கிறார். ஆனால் அவரே போகிறபோக்கில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறார். தான் வாங்கிய சிறு மனையில் ஷ்மிட் தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகுமுன் காலையிலும் திரும்பிவந்த பின் மாலையிலும் தானே சுவரெழுப்பினார். டெய்லருக்கு இது ஆளின் தெம்புக்கு அத்தாட்சி மட்டும். எனக்கோ நூல் முழுவதையும் கவிழ்த்துவிடும் வரி இதுதான். யாரும் கண்காணிக்காமல், யாரும் கூலி தராமல் ஒருவன் விடியுமுன் எழுந்து செங்கல்லைத் தொடுகிறான் என்றால், அவனுக்குள் ஊக்கத்தைப் புகுத்த யாரும் வரவேண்டியதில்லை. வந்தவர் அதை வேறு பக்கம் திருப்பிவிட்டார், அவ்வளவுதான்.

டெய்லரின் முரட்டுத்தனத்துக்கு மாற்றாக வந்தது ஹாதார்ன் பரிசோதனை. சிகாகோவை அடுத்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் தொழிற்சாலையில் 1927இல் தொலைபேசி ரிலே பூட்டும் ஐந்து பெண்களைத் தனியறையில் உட்காரவைத்து, இடைவேளை தந்து, நேரத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். உற்பத்தி முப்பது சதவிகிதம்வரை ஏறியது. கூலி முறையையும் மாற்றியிருந்தார்கள் என்பதைப் பின்னால் பலர் எடுத்துச் சொன்னார்கள். ஆனால் பிரசித்தமானது வேறு விளக்கம். மனிதர்களைக் கவனித்தால், மதித்தால், வேலை தானே நடக்கும். கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1928 ஜனவரியில் அந்த ஐவரில் இருவர் அறையைவிட்டு அகற்றப்பட்டு வேறு இருவர் வந்தார்கள். குற்றம், பேச்சு அதிகம், ஒத்துழைப்புப் போதாது. தொடர்ந்து 1930வரை அத்தொழிற்சாலையில் 20,000க்கும் மேற்பட்ட பேட்டிகள் நடந்தன. வாதாடாதே, புத்தி சொல்லாதே, கேள் என்பது பேட்டி காண்பவருக்கு விதி. கேட்டதெல்லாம் கடைசியில் என்னவாயிற்று என்றால், ஊழியரின் புகாரில் பெரும்பகுதி அவருடைய மனநிலையின் அறிகுறியாக வகைப்படுத்தப்பட்டது. வெயிலைப் பற்றிச் சொன்னால் ஜன்னலைப் பார்ப்பதற்குப் பதில் சொன்னவனின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல.

ஹெர்ஸ்பெர்க்கை இவர்களோடு சேர்க்க மனமில்லை. பிட்ஸ்பர்கில் இருநூறு எஞ்சினியர்களையும் கணக்கர்களையும் விசாரித்து 1959இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட நூல் ஒரு நிஜமான பேதத்தைக் கண்டது. சம்பளம், மேலதிகாரி, வேலைச் சூழ்நிலை, இவை கெட்டால் அதிருப்தி வரும். இவை சரியாக இருந்தாலே திருப்தி வந்துவிடாது. திருப்தி, செய்கிற காரியத்துக்குள்ளிருந்து வருகிறது. ‘புலிக்கலைஞ’னின் அலுவலகம் இதற்கு அச்சொட்டான உதாரணம். சம்பளம் வருகிறது. கொடுமை ஏதுமில்லை. ஆனாலும் எல்லோருக்குள்ளும் ஏதோ ஒன்று மெல்லச் செத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் ஹெர்ஸ்பெர்க்கிலும் காரியத்தை மாற்றியமைக்கும் கை நிர்வாகியின் கைதான். அந்த இடத்தில் அவர் நின்றுவிடுகிறார். கதை அதைத் தாண்டிப் போகிறது.

காதர் வேலை கேட்கிறார், கிடைக்காது போலிருக்கிறது, புலியாகிக் காட்டுகிறார். அந்தச் சில நிமிஷங்கள் அந்த அறைக்குள் உண்மையான வேலை நடக்கிறது. பார்ப்பவர்கள் பயந்துபோகிறார்கள். அந்தப் பயத்தில் ஒரு வெட்கமும் கலந்திருக்கிறது என்றே நான் படிக்கிறேன். தன் காரியத்தில் முழுசாக இருக்கும் ஒரு மனிதனை அவர்கள் பார்த்து எத்தனை காலமாயிற்று! புலி மறைந்ததும் மிஞ்சுவது கெஞ்சும் ஓர் ஏழை. ஆனால் அறை பழைய அறையாக இல்லை. அலுவலகத்தின் சர்மாவுக்குள் ஏதோ அசைந்துவிட்டது. பின்னால் கதையில் ஒரு புலிவேஷத்துக்கு இடம் பிறக்கிறது. காதருக்குக் கடிதம் போகிறது. அந்த அலுவலகத்தில் நமக்குக் காட்டப்படும் ஒரே ஊக்கம் இதுதான். எந்த நிர்வாகியும் தந்ததல்ல. வேலை தெரிந்த ஒருவனைக் கண்ணால் பார்த்ததில் இன்னொருவனுக்குத் தொற்றியது.

கடிதம் திரும்பி வந்துவிடுகிறது. இதை விதியின் கொடுமையாக வாசிப்பது சுலபம். எனக்கு இது ஒரு ஸ்தாபனத்தின் துல்லியமான வர்ணனை. வேலை செய்யத் துடிப்பவன் வெளியே, விலாசமில்லாமல். வேலையில்லாதவர்கள் உள்ளே, நாற்காலியோடு. இரு சாராரையும் ஒரு காகிதத்தால்கூட இணைக்க முடியவில்லை. எவ்வளவு வேண்டும், எப்போது, யாருக்கு என்று தீர்மானிப்பவர்கள் கதையில் முகம் காட்டுவதே இல்லை.

ஒரு குறையும் சொல்லவேண்டும். ‘நாங்கள்’ என்ற குரலின் மெல்லிய கேலி, சொல்பவனைச் சற்று அதிகமாகவே காப்பாற்றிவிடுகிறது. சர்மா அசைந்தார், சரி. சொல்பவன் மறுநாள் என்ன செய்தான்? கதை மௌனமாகிவிடுகிறது. சம்பளத்தில் இருந்துகொண்டு எழுதுகிற, படிக்கிற நம்மில் பலர் அந்த மௌனத்தில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறோம்.

இந்த வருஷமும் படிவம் வந்தது. மூன்று என்று போட்டேன். அந்த இரண்டு பெண்கள் இன்றிருந்தால் படிவத்தின் ஓரத்தில் எதையாவது எழுதியிருப்பார்கள். காதரிடம் படிவம் போகாது. அவர் ஊழியரே அல்ல.