அரைமண்டியில் திரும்புவது எந்த மூட்டு?

பரதநாட்டியச் சொற்களைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. "உடல் அசைவுக்கு வேண்டிய எல்லாச் சொல்லும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கு" என்பது ஒன்று. "அதெல்லாம் கலைக்குச் சரி, அறிவியலுக்கு இங்கிலீஷ்தான்" என்பது இன்னொன்று. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

1936-இல் ருக்மிணி தேவி அடையாறில் தொடங்கிய கலாக்ஷேத்ராவானாலும் சரி, மயிலாப்பூர், தி. நகர் மாடி வகுப்பானாலும் சரி, அரைமண்டி இல்லாமல் அடவு இல்லை. அடவுப் பெயர்கள் அருமையானவை. தட்டடவில் பாதம் தரையைத் தட்டுகிறது. நாட்டடவில் குதிகாலை நாட்டுகிறோம். செய்கிற வினையே பெயர். ஆனால் இவை சொல்வது பாதமும் தரையும் சந்திக்கும் விதத்தை மட்டும்தான். மேலே எந்த மூட்டு என்ன செய்கிறது என்பது பெயரில் இல்லை.

உடற்கூற்றியல் நேர் எதிர். நிமிர்ந்து, உள்ளங்கை முன்னோக்கி நிற்கும் ஒரு நிலையைத் தொடக்கமாக வைத்து, ஒவ்வொரு மூட்டுக்கும் தனித்தனியாகக் கணக்கு எழுதும். ஃபிளெக்சன் என்றால் மடக்கல், எக்ஸ்டென்சன் நீட்டல், அப்டக்சன் நடுக்கோட்டிலிருந்து விலக்கல், அடக்சன் சேர்த்தல், ரொட்டேசன் சுழற்றல். இதன்படி அரைமண்டியில் இடுப்பு மூட்டு மடங்கி, விலகி, வெளிப்பக்கம் சுழல்கிறது. முழங்கால் மடங்குகிறது, அவ்வளவுதான்.

இந்த "அவ்வளவுதான்" முக்கியம். வகுப்பில் சாதாரணமாகக் கேட்கிற கட்டளை "பாதத்தை நல்லாத் திருப்பு". எங்கள் தொழிலில் சொன்னால், எந்த மூட்டு என்ற அளவுருவே இல்லாத கட்டளை. தொடை எலும்பின் அமைப்பு ஆளுக்கு ஆள் மாறும். எல்லோருக்கும் இடுப்பு ஒரே அளவு சுழலாது. இடுப்பு தராத மிச்சத்தைக் குழந்தை எங்கிருந்து எடுக்கும்? மடங்கிய முழங்கால் கொஞ்சம் முறுக்க இடம் கொடுக்கும், அங்கிருந்துதான். பார்ப்பதற்கு அரைமண்டி சரியாக இருக்கும். சுமை முட்டியில் ஏறும்.

அதற்காக அறிவியல் சொல் போதும் என்றும் சொல்ல முடியாது. அட்டமியை எடுத்துக்கொள்ளுங்கள். தலை சாயாமல், திரும்பாமல், பக்கவாட்டில் மட்டும் நகர்கிறது. அபிநய தர்ப்பணம் கூறும் 4 கழுத்து அசைவுகளில் ஒன்று இது. அங்கே இதன் பெயர் சுந்தரி. உடற்கூற்றியலில் இதை விளக்க, கழுத்தின் மேல் முள்ளெலும்புகள் ஒரு பக்கமும் கீழ் முள்ளெலும்புகள் மறுபக்கமும் வளைவதைச் சொல்லவேண்டும். நம் ஆட்களுக்கு ஒரே சொல் போதும்.

இரண்டையும் தமிழில் சேர்க்க முடியுமா என்ற கேள்வியே தேவையில்லை. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூலைத் தமிழுக்குக் கொண்டுவந்து அந்தத் துறையை அங்காதிபாதம் என்று அழைத்தார். பிரச்சினை சொல் இல்லாதது அல்ல. சொல் பாடநூலோடு நின்றுவிட்டது, ஆடுகிற இடத்துக்கு வரவில்லை.

அரைமண்டி என்ற பெயர் அப்படியே இருக்கட்டும். கட்டளையை மட்டும் மாற்றலாம்: "தொடையை இடுப்பிலிருந்து திருப்பு, முட்டி எந்தப் பக்கம் பார்க்குதோ, பாதமும் அந்தப் பக்கமே பார்க்கட்டும்." இதில் கடினமான கலைச்சொல் எதுவும் இல்லை. மூட்டின் பெயர் மட்டும் கூடியிருக்கிறது. ஏழு வயதுக் குழந்தைக்கும் புரியும்.