வள்ளியிலிருந்து ஔவைக்கு: கே. பி. சுந்தராம்பாளின் நடிப்பில் தர்க்க மரபு

வெள்ளைச் சேலை, நெற்றி நிறைந்த திருநீறு, கையில் கோல், மலையடிவாரத்தில் நின்று மேல்நோக்கி எழும் குரல். கே. பி. சுந்தராம்பாளைப் பற்றிய தமிழர் நினைவு இந்த ஓர் உருவத்தில் உறைந்துவிட்டது. எட்மண்டன் போன்ற லண்டன் புறநகர்களில் வளரும் தலைமுறைக்கு அவர் பெயர் தெரியாமல் போகலாம். 'திருவிளையாடல்' (1965) படத்தின் ஔவையைக் காட்டினால் அடையாளம் காண்பவர் பலர். அந்த ஔவைக்கு முன் ஒரு வள்ளி இருந்தாள் என்பதும், அந்த வள்ளியின் மேடைக்கலையே ஔவையைச் சாத்தியமாக்கியது என்பதும் போதிய கவனம் பெறவில்லை. அவரது வாழ்க்கையை எழுதியோர் பெரும்பாலும் கணவனை இழந்த பெண்ணின் நோன்பாகவே அதனைக் கண்டனர். அப்பார்வை முற்றிலும் பிழையன்று. ஆயினும் அது நடிகையை மறைத்துவிட்டு நோன்பை மட்டும் காட்டுகிறது.

காவிரிக்கரையிலுள்ள கொடுமுடியில் 1908இல் பிறந்த சுந்தராம்பாள், வறுமை காரணமாகச் சிறுவயதில் ரயிலில் பாடியவர். அந்தக் குரலே அவரை வேலு நாயர் நாடகக் குழுவுக்கு அழைத்துச் சென்றது. அவர் வளர்ந்த அரங்கம் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை முதலாகக் கொண்டது. 'ஸ்பெஷல் நாடகம்' என்று வழங்கிய முறையில் நடிகர்கள் தனித்தனியே ஓரிரவுக்கு ஒப்பந்தமாகி வருவர்; ஒத்திகை இராது. பாடல்கள் அனைவருக்கும் பொது. பாடல்களுக்கு இடையிலான உரையாடலோ அந்தந்த இரவில் மேடையிலேயே பிறந்தது. எதிரில் நிற்பவர் எந்தச் சுருதியில் எடுப்பார், எந்தக் கேள்வியை வீசுவார் என்பது முன்கூட்டித் தெரியாது. 'தர்க்கம்' எனப்பட்ட இந்தச் சொற்போரே இரவு முழுவதும் மக்களை விழித்திருக்கச் செய்தது. ஒலிபெருக்கி இல்லாத திறந்த வெளியில் கடைசி வரிசைக்கும் சொல் தெளிவாகச் சென்று சேர வேண்டும். உச்சத்தில் நின்று, மெய்யெழுத்துகளை உடைத்துத் தெறிக்கவிடும் அவரது உச்சரிப்பைப் பக்தியின் வெளிப்பாடு என்று மட்டும் விளக்குவோர், அது முதலில் ஒரு தொழில் தேவை என்பதை மறந்துவிடுகின்றனர்.

'வள்ளி திருமணம்' இத்தர்க்கத்தின் உச்சம். தினைப்புனத்தில் காவல் நிற்கும் வள்ளி முதலில் நாரதரோடு வாதிடுகிறாள். பின்னர் வேடனாகவும் விருத்தனாகவும் மாறிவரும் முருகனுக்கு விடை சொல்கிறாள். வள்ளியாக நிற்பவள் அழகியாக இருந்தால் மட்டும் போதாது. தோற்காதவளாகவும் இருக்க வேண்டும். 1926இல் கொழும்பு மேடையில் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் சுந்தராம்பாள் இணைந்தபோது, அக்காலத்தின் இரு பெருங்குரல்கள் எதிரெதிர் நின்றன. தமிழகத்துக்கு வெளியே, ஈழத்து அரங்கில் இந்த இணை உருவானது என்பது நாடக வரலாற்றில் இன்னும் உரிய இடம் பெறவில்லை.

1927இல் இருவரும் மணந்தனர். கிட்டப்பாவுக்கு முன்பே மணமாகியிருந்தது, சாதியும் வேறு. 1933 டிசம்பரில் அவர் இருபத்தேழாம் வயதில் மறைந்தார். இருபத்தைந்து வயதான சுந்தராம்பாள் வெள்ளுடை பூண்டார். இனி எந்த ஆணுக்கும் இணையாக நடிப்பதில்லை என்று உறுதி கொண்டார். இதனைக் கற்பின் வெற்றி என்று போற்றுவது எளிது. எனினும் அக்காலச் சமூகம் நாடக நடிகையை யாருக்கும் மனைவியாக எளிதில் ஒப்புக்கொண்டதில்லை என்பதை இங்கு நினைக்க வேண்டும். மனைவியாக இருந்தவளுக்கே கைம்பெண் கோலம் உரியது. அவ்வகையில் அந்த வெள்ளைச் சேலையைத் துறவாக மட்டுமன்றி ஓர் உரிமை முழக்கமாகவும் வாசிக்கலாம்: மணவாழ்க்கை முழுமையாக உறுதிசெய்யாத ஒரு நிலையை அந்தக் கோலம் ஊரறிய நிலைநாட்டியது. அதே கோலம் பின்னர் காங்கிரஸ் மேடைகளில் கதராக மாறியது. 1951இல் சென்னைச் சட்ட மேலவைக்கும் அவருடன் சென்றது.

இந்த உறுதி அவர் தொழிலை முடக்கவில்லை. 1935இல் வெளிவந்த 'நந்தனார்' படத்துக்கு அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. ஆணுக்கு இணையாக நடிக்க மாட்டேன் என்றவர் ஆணாகவே நடித்தார். வேதியராக நடித்தவர் கர்நாடக இசையின் பெரும்புலவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். படம் எதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை. கல்கியின் எள்ளலுக்கும் இலக்கானது. ஆனால் பாத்திரத் தேர்வு நோக்கத்தக்கது. இதன்பின் வந்த மணிமேகலை (1940), ஔவை, கவுந்தியடிகள், காரைக்காலம்மையார் ஆகிய அனைவரும் இல்லறத்துக்கு வெளியே நிற்பவர்கள். அனைவரும் வழிநடையில் இருப்பவர்கள். தமிழ் இலக்கியம் தனித்து நடக்கும் பெண்ணுக்கு எத்தனை இடங்களை ஒதுக்கியிருக்கிறதோ, ஏறத்தாழ அவை அனைத்திலும் அவர் குடியேறினார். வேறு எந்த நடிகைக்கும் இப்படி அமைந்ததில்லை.

இவற்றுள் இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஜெமினியின் 'ஔவையார்' (1953) படத்தில் இளம் ஔவையாக வருபவர் குசலகுமாரி. திருமண ஏற்பாடு நடக்கிறது. இளமையை நீக்குமாறு ஔவை விநாயகரை வேண்டுகிறாள். அடுத்த கணம் அவ்விடத்தில் நிற்பவர் சுந்தராம்பாள். இருபது ஆண்டுகளுக்குப் பின் வந்த 'காரைக்கால் அம்மையார்' (1973) படத்தில் புனிதவதியாக லட்சுமி நடித்தார். கணவன் விலகியபின், அவன்பொருட்டுத் தாங்கிய அழகைக் களைந்து பேயுரு வேண்டுகிறாள் புனிதவதி. அங்கும் சுந்தராம்பாளே தோன்றுகிறார். ஒரு பெண் தன் உடலழகைத் தானே கைவிடும் அந்தத் தருணமே இரு படங்களிலும் அவர் நுழையும் வாயில். 1933இல் மேடைக்கு வெளியே நடந்த உருமாற்றத்தைப் பார்வையாளர் அறிவர், இயக்குநர்களும் அறிவர். புராணம் கேட்ட உருமாற்றத்துக்கு வேறொரு சான்று தேவைப்படவில்லை. எனினும் இத்தகைய வாயில் அவருக்குத் திறந்தபோது மற்றவை மூடிக்கொண்டன என்பதையும் சொல்லியாக வேண்டும். காதலும் கேலியும் சினமும் கலந்து வள்ளியாக நின்றவரைத் திரை ஒருபோதும் பதிவு செய்யவில்லை.

ஆனாலும் வள்ளி முற்றிலும் மறைந்துவிடவில்லை. 'கந்தன் கருணை' (1967) படத்தில் ஔவைக்கும் முருகனுக்கும் நடக்கும் உரையாடலைக் கவனித்தால் இது புலனாகும். நாவல் மரத்தின்மேல் மாறுவேடத்தில் ஒரு சிறுவன். கீழே களைத்து நிற்கும் கிழவி. சுட்ட பழமா, சுடாத பழமா என்ற வினா. பின்னர் அரியது எது, பெரியது எது என்று அவன் அடுக்க, அவள் பாட்டாலேயே விடையளிக்கிறாள். இது தினைப்புனத் தர்க்கத்தின் தலைகீழ் வடிவம். மேடையில் முருகன் கிழவனாக வந்து குமரியிடம் கேள்வி கேட்டான். திரையில் சிறுவனாக வந்து கிழவியிடம் கேட்கிறான். மாறுவேடம் பூண்ட தெய்வம், பாட்டால் எதிர்நிற்கும் பெண், கேள்வி விடையாக வளரும் காட்சி ஆகிய மூன்றும் அப்படியே இருக்கின்றன. காதல் மட்டும் தாய்மையாகியிருக்கிறது. சுந்தராம்பாளின் முகத்தில் அக்கணத்தில் தோன்றும் ஆயத்தம், கேள்வி முடிவதற்கு முன்பே மூச்சை நிறுத்தி வைத்துக்கொள்ளும் அந்தச் சிறு தயக்கம், ஒத்திகையற்ற இரவுகளில் பழகியவரிடம் மட்டுமே காணக்கூடியது. ஔவை இக்காட்சியில் ஒருமுறை தோற்கிறாள். வள்ளியும் இறுதியில் தோற்பவள்தான். இருவரும் தோற்பது ஒரே தெய்வத்திடம்.

'பூம்புகார்' (1964) குறித்து ஒரு சொல் போதும். மு. கருணாநிதியின் உரையாடலை ஒரு காங்கிரஸ்காரர், அதிலும் ஆழ்ந்த சைவர், சமணத் துறவியாக நின்று பேசினார். கட்சிகள் எதிரெதிர் நின்ற அக்காலத்தில் அவர் குரல் இருபுறத்துக்கும் வேண்டியதாயிருந்தது.

அக்குரலின் இடம் அதற்குள் மாறியும் விட்டது. 1950களிலிருந்து பின்னணிப் பாட்டு முறை வேரூன்றி, பாடுபவரின் குரலும் நடிப்பவரின் உடலும் இருவேறு தொழில்களாயின. அமண்டா வீட்மன் பின்னணிப் பாடலைப் பற்றி எழுதிய 2021ஆம் ஆண்டு நூல் இப்பிரிவினையின் பண்பாட்டு அரசியலை விரிவாக ஆராய்கிறது. சுந்தராம்பாள் இறுதிவரை அப்பிரிவினைக்கு வெளியே நின்றார். அவர் பாத்திரங்கள் அவர் தொண்டையாலேயே பாடின. 'துணைவன்' (1969) படத்துக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. அவ்விருதின் பெயர் சிறந்த பின்னணிப் பாடகி.