கடன் விற்பனை: சிறுதொழிலின் பலமும் சுமையும்

சரக்கையோ வேலையையோ இன்று கொடுத்து, அதற்குரிய பணத்தைப் பின்னொரு நாளில் பெற்றுக்கொள்ளும் முறை கடன் விற்பனை எனப்படுகிறது. சம்பள நாளை எதிர்பார்த்து மாதக் கணக்கில் அரிசி, பருப்பு கொடுக்கும் மளிகைக் கடை முதல், 60 நாள், 90 நாள் கழித்துப் பணம் பெறும் கோயம்புத்தூர் உதிரிபாகப் பட்டறை வரை, தமிழகத்தின் சிறுதொழில்களில் இம்முறை படியாத இடம் அரிது. கடனுக்கு விற்பவர் ஒரே நேரத்தில் இரண்டு தொழில்களைச் செய்கிறார்: ஒன்று சரக்கு விற்பது, மற்றொன்று கடன் கொடுப்பது. முதல் தொழிலில் விலை, தரம், அளவு அனைத்தையும் நுணுகிப் பார்க்கும் அவர், இரண்டாவதை ஒரு தொழிலாகவே எண்ணாமல் செய்துவருகிறார். இம்முறையின் நிறைகளும் குறைகளும் இந்த இரட்டைத் தன்மையிலிருந்தே பிறக்கின்றன.

நிறைகளில் முதன்மையானது, கையில் பெரும் முதல் இல்லாதவருக்கும் இம்முறை தொழிலின் வாசலைத் திறந்துவிடுவதாகும். திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் நிட்டிங், சாயமேற்றுதல், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல் என ஒவ்வொரு கட்டமும் பெரும்பாலும் தனித்தனி அலகுகளில் நடைபெறுகிறது. துணியை ஆர்டர் கொடுப்பவரே அனுப்பிவிடுவதால், கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் அலகு சரக்குக்காக முதல் போட வேண்டியதில்லை; தன் கூலியை மட்டும் சில வாரங்கள் பொறுத்திருந்து பெற்றுக்கொள்கிறது. நூல் கடைக்காரர் துணி உற்பத்தியாளருக்கும், ஜாப் ஒர்க் செய்பவர் ஏற்றுமதியாளருக்கும் இவ்வாறு தவணை கொடுப்பதால்தான், சில தையல் இயந்திரங்களுடன் தொடங்கியவராலும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாக முடிகிறது. சொத்துப் பத்திரம் கேட்கும் வங்கி வழியாக மட்டுமே முதல் கிடைக்கும் நிலை இருந்திருந்தால், இத்தனை சிற்றலகுகள் தோன்றியிருக்க வாய்ப்பில்லை.

இரண்டாவது நிறை, கடைக்காரரிடம் உள்ள அறிவு சார்ந்தது. எந்த வீட்டில் எந்தத் தேதியில் சம்பளம் வரும், எந்த வயலில் எப்போது அறுவடை, யார் வாக்குத் தவறாதவர், யார் கடை மாற்றிக் கடை மாற்றிப் பாக்கி வைப்பவர் என்பதை அந்தத் தெருவிலேயே வாழும் வணிகர் அறிவார். இருப்புநிலைக் குறிப்பில் இடம்பெறாத இந்த அறிவைக் கொண்டுதான், வங்கிப் படிவத்தில் தேறாத ஒரு குடும்பத்துக்கும் உர மூட்டையோ பள்ளிச் சீருடையோ நேரத்தில் கிடைக்கிறது. வாங்கியவர் திரும்பவும் அதே கடைக்கு வருகிறார். இந்தச் சமூகப் பயனைக் குறைத்து மதிப்பிடும் எந்த நிருவாக அறிவுரையும் தமிழகக் கடைவீதியைப் புரிந்துகொண்டதாகாது.

ஆயினும் கடனுக்கு விலை உண்டு என்பதும், அந்த விலை எந்த ரசீதிலும் எழுதப்படுவதில்லை என்பதும் இம்முறையின் பெருங்குறை. மாதம் 5 லட்சம் ரூபாய்க்கு பம்புசெட் உதிரிபாகங்களை விற்று, 90 நாள் தவணை கொடுக்கும் ஒரு பட்டறையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். எந்த நாளில் கணக்குப் பார்த்தாலும் மூன்று மாத விற்பனையான 15 லட்சம் ரூபாய் வெளியில் நிற்கும். அதை ஈடுகட்ட 12 விழுக்காடு வட்டியில் வங்கியிடம் பற்று வைத்திருந்தால், ஆண்டு வட்டி ஏறத்தாழ 1.80 லட்சம், ஆண்டு விற்பனையான 60 லட்சத்தில் இது 3 விழுக்காடு. வட்டியைக் கழிக்கும் முன் அப்பட்டறையின் இலாபம் 8 விழுக்காடு எனில், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணையே தின்றுவிடுகிறது. கடன் வாங்காமல் சொந்தப் பணத்தைப் போட்டிருந்தாலும் செலவு இல்லையென்று ஆகாது. அப்பணம் புதிய லேத் வாங்கவோ, மொத்தமாக இரும்பு வாங்கி விலை குறைக்கவோ பயன்பட்டிருக்கும். ஒரு வழியில் முடங்கிய பணம் மறுவழியில் ஈட்டியிருக்கக்கூடிய ஆதாயத்தை இழப்பது பொருளியலில் வாய்ப்பிழப்புச் செலவு எனப்படும்.

வட்டியினும் கொடியது காலப் பொருத்தமின்மை. சனிக்கிழமை வந்தால் தொழிலாளர்க்குக் கூலி கொடுத்தாக வேண்டும். மின்கட்டணத்துக்குக் கெடு உண்டு. சரக்கு மற்றும் சேவை வரியோ, பணம் வந்த நாளை வைத்தல்லாமல் பில் போட்ட நாளை வைத்தே கணக்கிடப்படுகிறது. மேற்சொன்ன பட்டறையின் மாத விற்பனைக்கு 18 விழுக்காட்டில் வரி 90,000 ரூபாய்; தான் வாங்கிய பொருள்களுக்குக் கட்டிய வரியைக் கழித்தது போக மீதியை, வாங்கியவரிடமிருந்து ஒரு ரூபாயும் வராத நிலையிலும், பொதுவாக அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் அரசுக்குச் செலுத்த வேண்டும். வாங்கியவரோ அந்த வரியைத் தம் கணக்கில் வரவாக எடுத்துக்கொள்கிறார். 180 நாள்களுக்குள் விற்றவருக்குப் பணம் தராவிட்டால்தான் அதை வட்டியுடன் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது விதி. ஏட்டில் இலாபம் காட்டும் தொழில் கல்லாவில் பணமின்றித் தவிப்பதன் காரணம் இந்தக் காலப் பொருத்தமின்மையே. பணம் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்ற இந்த ஓட்டத்தைப் பணவோட்டம் என்பர். சிறுதொழில்களை மூட வைப்பதில் இதன் தடைக்கும் பங்கு உண்டு. பணம் அடியோடு வராமற்போனால் சுமை இன்னும் பெரிது: 8 விழுக்காடு இலாபத்தில் இயங்குபவர் வாராக்கடனாகப் போன ஒரு லட்சத்தை ஈட்டியெடுக்க, புதிதாகப் பன்னிரண்டரை லட்சத்துக்கு விற்றாக வேண்டும்.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாகக் காண வேண்டும். மளிகைக் கடைக்காரர் அறிந்த குடும்பத்துக்குக் கொடுக்கும் கடன், நம்பிக்கையின் பேரில் மனமுவந்து கொடுப்பது. பெரிய நிறுவனத்துக்குச் சிறு பட்டறை கொடுக்கும் தவணையோ பல வேளைகளில் வாங்குபவரே விதிப்பது. மறுத்தால் ஆர்டர் கை நழுவும். பழைய பாக்கியை நிறுத்தி வைத்து, அடுத்த சரக்கு வந்தால்தான் அது விடுவிக்கப்படும் என்ற நிலை உருவாகும்போது, விற்றவர் தம் பணத்தை மீட்கவே மேலும் மேலும் கடன் கொடுக்கும் வளையத்தில் சிக்குகிறார். இரண்டும் கடன் விற்பனை என்ற ஒரே பெயருக்குள் மறைந்திருப்பதால், முன்னதன் நற்பெயர் பின்னதன் அநீதிக்குத் திரையாகிவிடுகிறது.

இந்த அநீதியை உணர்ந்தே 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்துக்கு எல்லை வகுத்தது. எழுத்து ஒப்பந்தம் இல்லையெனில் சரக்கை ஏற்ற 15 நாள்களுக்குள்ளும், ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்களுக்கு மேற்படாமலும் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் ஒரு படி மேலே சென்று, இக்கெடு தவறிய தொகையை உண்மையில் செலுத்திய ஆண்டில்தான் வாங்கியவர் தம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்கலாம் என்றாக்கியது. ட்ரெட்ஸ் எனப்படும் மின்னணுத் தளங்களில், வாங்கியவர் ஏற்றுக்கொண்ட பில்லை வங்கிகள் ஏலம் கேட்டு, தள்ளுபடி கழித்து, விற்றவருக்கு உடனே பணம் தருகின்றன. பின்னர் வாங்கியவர் பணம் தராவிட்டாலும் அப்பொறுப்பு விற்றவர் மேல் விழாது.

எனினும் சட்டத்தின் கை எட்டாத இடங்கள் பல. சில்லறை, மொத்த வணிகர்கள் 2021 முதல் உத்யம் எனப்படும் சிறுதொழில் பதிவைப் பெற முடிந்தாலும், அப்பதிவு அவர்களுக்கு வங்கிகளின் முன்னுரிமைத் துறைக் கடனுக்கு மட்டுமே உதவுகிறது. தாமதப் பணத்துக்கான காப்பு அவர்களைச் சேரவில்லை. பட்டறை உரிமையாளருக்குக் காப்பு இருந்தும், நிலுவைப் புகார்களை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்தில் முறையிட்ட மறுநாளே வாடிக்கையாளரை இழப்போம் என்ற அச்சம் அவர் கையைக் கட்டிவிடுகிறது. ஓரிரு வாங்குபவரையே நம்பியிருக்கும் தொழிலுக்கு எந்தச் சட்டமும் முழுக் கவசமாவதில்லை. சட்டம் பேரத்தில் ஊன்றுகோலாக உதவலாம், நடக்க வேண்டியவர் உரிமையாளரே.

எனவே கடனை அறவே நிறுத்துவது இயலாததும் தேவையற்றதுமாகும். அதை ஒரு தொழிலுக்குரிய ஒழுங்குடன் நடத்துவதே வழி. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எவ்வளவு வரை, எத்தனை நாள் வரை என்ற இரண்டு எல்லைகளை முதல் சரக்குக்கு முன்பே சொல்லி, பில்லிலும் அச்சிட வேண்டும். ரொக்கத்துக்கு ஒரு விலை, தவணைக்கு ஒரு விலை என்று பிரித்தால் கடனின் செலவு கண்ணுக்குத் தெரியும். மொத்த நிலுவையை ஒரே எண்ணாகப் பார்க்காமல், ஒரே தாளில் நான்கு பத்திகளுக்குக் கோடு கிழித்து, 30 நாள் வரை, 31 முதல் 60, 61 முதல் 90, 90க்கு மேல் எனப் பெயர் வாரியாக வாரம் ஒருமுறை எழுதிப் பார்ப்பது, விலையுயர்ந்த மென்பொருளுக்கும் ஈடான எச்சரிக்கையைத் தரும்; நான்காம் பத்திக்கு நகர்ந்த பெயருக்கு அடுத்த சரக்கு ரொக்கத்துக்கு மட்டுமே என்பது விதியாக வேண்டும். கெடு முடிந்தபின் கோபத்துடன் கேட்பதினும், கெடுவுக்கு மூன்று நாள் முன்பே நினைவூட்டுவது உறவையும் காக்கும், பணத்தையும் கொணரும்.

எழுத்துச் சான்றும் இன்றியமையாதது. விற்ற சரக்கின் விலைக்கு வழக்குத் தொடரக் காலவரம்புச் சட்டம் பொதுவாக மூன்று ஆண்டுகளே தருகிறது. அதற்குள் வாங்கியவர் நிலுவையை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டால் அக்காலம் அந்த நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும். ஆண்டுதோறும் மார்ச் மாத முடிவில் இத்தனை ரூபாய் நிலுவை என்று ஒரு வரி எழுதிக் கையொப்பம் வாங்குவது உரிமையைக் காக்கும் எளிய பழக்கம். தெரிந்தவர்தானே என்று அதைத் தவிர்த்தவர்களே பின்னாளில் சான்றின்றி நிற்கிறார்கள்.

தமிழகக் கடைகளில் கல்லாவுக்கு மேல் தொங்கும் பலகை, கடன் அன்பை முறிக்கும் என்கிறது. நெடுங்கால அனுபவம் கண்ட உண்மை அது. ஆனால் அன்பு முறிவது கடன் கொடுத்த நாளிலன்று, எவ்வளவு என்றும் எப்போது என்றும் பேசாமல் கொடுத்ததற்குக் கணக்குக் கேட்கும் நாளில்தான். கணக்குக் கேட்பதை மரியாதைக் குறைவாக எண்ணும் கூச்சத்தை விட்டுத் தொகையையும் தேதியையும் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளும் வணிகர், தம் முதலையும் காக்கிறார், கடன் கொடுக்கும் அந்த நல்ல மரபையும் அடுத்த தலைமுறைக்குக் காத்துக் கொடுக்கிறார்.