நான்கு எண்களும் இரண்டு தூண்களும்

குருதிச் சோதனைக்கூடத்திலிருந்து வரும் தாளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட் என நான்கு பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். பக்கத்தில் நான்கு எண்கள்; அடுத்து, அவற்றின் இயல்பான எல்லைகள். எல்லை தாண்டிய எண்ணுக்கு ஒரு நட்சத்திரக் குறி. குறி இல்லையென்றால் நிம்மதி; இருந்தால் கலக்கம். மாணவனின் மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பது போல, எந்தப் பாடத்தில் தேறினான், எதில் தவறினான் என்று பார்த்துவிட்டு மடித்து வைக்கிறோம்.

ஆனால் இவை தனித்தனிப் பாடங்கள் அல்ல. ஒன்று மாறினால் மற்றொன்று மாறியே தீர வேண்டும். இந்த உறவை எளிய படம் ஒன்றால் விளக்கியவர் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஜேம்ஸ் கேம்பிள் (1883-1959). ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் தம் மாணவர்களுக்காக அவர் எழுதிய விரிவுரைக் குறிப்புகள் 1940-களில் நூலாக வெளிவந்தன. செல்களுக்கு வெளியே உள்ள உடல்நீரின் வேதியியலைப் பற்றிய அந்நூலின் உயிர் அதன் படங்களில் இருக்கிறது. அப்படத்தின் நிறையையும் குறையையும் இங்கே எடைபோட்டுப் பார்ப்போம்.

சமமான உயரம்

ஒட்டி நிற்கும் இரண்டு தூண்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இடத்தூணில் நேர்மின் அயனிகள்: சோடியம் 142, பொட்டாசியம் 5, கால்சியம் 5, மக்னீசியம் 3. மொத்தம் 155. வலத்தூணில் எதிர்மின் அயனிகள்: பைகார்பனேட் 27, குளோரைடு 103, பாஸ்பேட் 2, சல்பேட் 1, கரிம அமிலங்கள் 6, புரதங்கள் 16. இவற்றின் மொத்தமும் 155.

இவை எடைகள் அல்ல. ஒரு லிட்டர் பிளாஸ்மாவிலுள்ள மின்னூட்டங்களின் எண்ணிக்கை. இதன் அலகு மில்லிசமானம். ஒரு மில்லிமோல் சோடியம் ஒரு மில்லிசமானம். இரட்டை மின்னூட்டம் கொண்ட கால்சியம் 2.5 மில்லிமோல் இருந்தால் அது 5 மில்லிசமானம். அனைத்தையும் இந்த ஒரே அலகில் எழுதியதால்தான் தூண்களை ஒப்பிட முடிகிறது.

இரு தூண்களின் உயரம் ஏன் சமமாக இருக்க வேண்டும்? இயற்பியல் விடை தருகிறது. ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள கோளம் ஒன்றில் ஒரே ஒரு மில்லிமோல் சோடியம் அயனி துணையின்றி மிகுந்திருப்பதாகக் கொள்வோம். அதன் மின்னூட்டம் ஏறத்தாழ 96.5 கூலும். கோளத்தின் மின்னழுத்தம் பத்து லட்சம் கோடி வோல்ட்டைத் தாண்டும்! இயற்கை அதற்கு இடம் கொடுப்பதில்லை. ஆகவே உடல் எவ்வளவு நலிந்தாலும் தூண்களின் உயரம் சமமாகவே இருக்கும். தூணுக்குள் இருக்கும் பங்கீடுதான் மாறும்.

படத்தின் வெற்றி

இரு நோயாளிகளை எடுத்துக்கொள்வோம். முதலாமவருக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு: சோடியம் 140, குளோரைடு 116, பைகார்பனேட் 12. இரண்டாமவருக்கு நீரிழிவு முற்றியிருக்கிறது: சோடியம் 140, குளோரைடு 104, பைகார்பனேட் 12. தாளில் முதலாமவருக்கு இரண்டு நட்சத்திரங்கள், இரண்டாமவருக்கு ஒன்றுதான்.

இப்போது கேம்பிளின் முறைப்படி பாருங்கள். சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழியுங்கள். முதலாமவருக்கு மீதி 12. இரண்டாமவருக்கு 24. இந்த மீதிக்கு எதிரயனி இடைவெளி என்று பெயர். ஆய்வகத்தின் முறையைப் பொறுத்துச் சற்று மாறினாலும், இயல்பாக இது ஏறத்தாழ 8 முதல் 12 வரை இருக்கும். முதலாமவர் இழந்த பைகார்பனேட்டின் இடத்தைக் குளோரைடு நிரப்பியிருக்கிறது. இரண்டாமவரிடமோ, சோதனைக்கூடம் அளக்காத ஏதோ ஒன்று அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. இன்சுலின் இன்மையால் விளைந்த கீட்டோ அமிலங்களே அவை. நட்சத்திரங்களை எண்ணியவருக்கு இது தெரியாது. தூணை வரைந்தவருக்குத் தெரியும்.

புரதத்தின் பங்கையும் மறக்கக்கூடாது. ஆல்புமின் குறைந்த நோயாளிக்கு இந்த இடைவெளி முதலிலேயே சுருங்கியிருக்கும். அப்போது 12 என்ற இயல்பான விடைக்குள்ளும் மிகையான அமிலம் ஒளிந்திருக்கலாம்.

படம் சொல்லாதது

கேம்பிளின் படத்துக்கும் ஒரு பெரிய குறை உண்டு. வழக்கமாக வரையப்படும் வடிவில் எல்லாத் தூண்களுக்கும் ஒரே அகலம். உயரம் என்பது செறிவு, அதாவது ஒரு லிட்டரில் எவ்வளவு என்பது. எத்தனை லிட்டர் என்பதைப் படம் சொல்வதில்லை. சோதனைத் தாளும் சொல்வதில்லை.

இதனால் நேரும் பிழை சிறியதன்று. சோடியம் 125 எனக் காட்டும் இருவரை நினைத்துப் பாருங்கள். ஒருவர் பேதியில் உப்பையும் நீரையும் இழந்து, வெறும் தண்ணீரை மட்டும் குடித்தவர். மற்றவர் இதயம் பலவீனமாகிக் கால்கள் வீங்கியவர். இவர் உடலில் சோடியம் உண்மையில் மிகுதி. நீர் அதைவிட மிகுதி. முதலாமவரின் தூண் குட்டையானது, ஒடுங்கியது. இரண்டாமவரின் தூண் குட்டையானது, ஆனால் மிக அகன்றது. "சோடியம் குறைந்துவிட்டது, கஞ்சியில் உப்பைக் கூட்டிப் போடு" என்று வீட்டில் முடிவு செய்தால், இரண்டாமவருக்கு வீக்கமும் மூச்சுத்திணறலும் கூடும். சோடியம் எண் ஒரு பின்னம். தொகுதியில் உப்பு, பகுதியில் நீர். பின்னம் சிறுத்ததற்குத் தொகுதிதான் காரணம் என்று நாம் முடிவு கட்டலாமா?

பொட்டாசியத்தில் இக்குறை இன்னும் பெரிது. உடலிலுள்ள பொட்டாசியத்தில் ஏறத்தாழ 98 விழுக்காடு செல்களுக்குள் இருக்கிறது. தாள் காட்டுவது வெளியே உள்ள சிறு பங்கை மட்டுமே. மேலே சொன்ன நீரிழிவு நோயாளிக்குச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறிச் சிறுநீரில் கழிந்துகொண்டிருக்கும். தாளிலோ எண் இயல்பாக, சில வேளை உயர்வாகக்கூட இருக்கும். இன்சுலின் கொடுத்ததும் பொட்டாசியம் செல்களுக்குள் திரும்ப, குருதியில் அளவு சரிந்து இதயத் துடிப்பைத் தாக்கக்கூடும். இன்னொரு வகையிலும் இந்த எண் ஏமாற்றும். குருதி எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால் அவற்றிலுள்ள பொட்டாசியம் கசிந்து எண்ணை உயர்த்திவிடும். அந்த உயர்வு உடலில் பிறந்ததன்று, குழாயில் பிறந்தது.

நமது தீர்ப்பு

கேம்பிளின் படம் மின்னூட்டக் கணக்கைச் சரியாகச் சொல்கிறது. நீரின் கணக்கைச் சொல்லாமல் விடுகிறது. நமது சோதனைத் தாளோ பெரும்பாலும் இரண்டையுமே சொல்வதில்லை. குளோரைடுக்குக் கீழே எதிரயனி இடைவெளிக்கென ஒரு வரி சேர்ப்பதற்குப் புதிய கருவி வேண்டாம். ஒரு கழித்தல் போதும். அதை எல்லாச் சோதனைக்கூடங்களும் செய்யலாம். நீரின் கணக்கை மட்டும் எந்தத் தாளிலும் அச்சிட முடியாது. வீங்கிய காலை அழுத்திப் பார்க்கும் விரலும், வறண்ட நாக்கைப் பார்க்கும் கண்ணுமே அதை அறியும். எண்ணை மட்டும் தொலைபேசியில் சொல்லி மருந்து கேட்பது ஏன் தவறு என்பது இப்போது விளங்கும்.

மாணவர்களே, வரைபடத் தாளில் 10 மில்லிசமானத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்து, மேலே தந்த எண்களால் 15.5 செ.மீ. உயரமுள்ள இரு தூண்களை வரைந்து பாருங்கள். பிறகு பேதி நோயாளியின் வலத்தூணை வரையுங்கள்; அதை அடுத்து நீரிழிவு நோயாளியின் தூணை வரையுங்கள். இரண்டிலும் பைகார்பனேட் ஒரே உயரந்தான். மீதி இடத்தை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.