அவ்வையார் நோன்பு: பதிவுகள் குறித்த விமர்சனம்

அவ்வையார் நோன்பு (செவ்வாய் நோன்பு) நாஞ்சில் நாட்டிலும் தென்தமிழகத்தின் பிற பகுதிகளிலும் பெண்கள் மட்டுமே செய்யும் இரவுச் சடங்கு. கோட்டாறு வட்டாரத்திலும் இது அறியப்பட்டது. ஆண்கள் பார்க்கக்கூடாது என்பது இதன் முதல் விதி. இதைப் பற்றிய எழுத்துப் பதிவுகளின் இயல்பையும் குறையையும் அந்த விதியே தீர்மானிக்கிறது.

சடங்கு

ஆடி, தை, மாசி மாதங்களின் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு வீட்டில் பெண்கள் கூடுவர். ஆண் குழந்தைகளுக்கும் அனுமதியில்லை. பச்சரிசி மாவில் உப்பில்லாமல் பல வடிவங்களில் கொழுக்கட்டை பிடிப்பர். மூத்த பெண் அவ்வை கதையைச் சொல்வார். படைத்த கொழுக்கட்டையைப் பெண்களே உண்டு தீர்ப்பர்.

காலக்கணக்கு

ஆடி அமாவாசை, சித்ரா பௌர்ணமி போன்ற நாட்களுக்குத் திதி பார்க்கவேண்டும். இந்நோன்புக்கு மாதமும் கிழமையும் தெரிந்தால் போதும். பஞ்சாங்கமோ புரோகிதரோ தேவையில்லை. 'அசந்தா ஆடி, தப்புனா தை, மறந்தா மாசி' என்ற பழமொழி, ஒரு மாதம் தவறினால் இன்னொரு மாதம் செய்யலாம் என்கிறது. வீட்டு வேலை, வயல் வேலை, பிள்ளைப்பேறு ஆகியவற்றுக்கு இடையே வாழ்பவர்களுக்கு ஏற்ற நாட்காட்டி இது. இவற்றுள் மாசி, நாஞ்சில் நாட்டின் கும்பப்பூ அறுவடைக் காலம்.

விமர்சனம்

நோன்பின் பயனாகக் கணவனின் நலம், குழந்தைப்பேறு, கன்னியருக்குத் திருமணம் ஆகியவையே பெரும்பாலும் எழுதப்படுகின்றன. இவை வெளியே சொல்லத்தக்க காரணங்கள். கணவனுக்கான நோன்பு என்றால், அதன் படையலில் ஒரு துண்டுகூட அவனுக்கு ஏன் இல்லை என்ற கேள்வியை இப்பதிவுகள் எழுப்புவதில்லை. ஓர் இரவாவது பெண்கள் தங்களுக்காகச் சமைத்து, தங்களுக்குள் பேசி, தாங்களே உண்பது சடங்கின் மையம் எனக் கொள்ள இடமுண்டு.

இரண்டாவது குறை, நோன்பின் அவ்வையை நேராகப் புலவர் அவ்வையோடு இணைப்பது. அவ்வை என்ற சொல்லுக்குத் தாய், மூதாட்டி என்ற பொருள்கள் உண்டு. அப்பெயரில் புலவர் பலர் இருந்தனர் என்பது ஆய்வாளர் கருத்து. நோன்பின் அவ்வை, புலவர் பெயர் பின்னர் வந்து ஒட்டிக்கொண்ட தாய்த்தெய்வமாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, ஆண் ஆய்வாளரின் பதிவு கேட்டு எழுதியதாகவே இருக்கமுடியும். அதை நேரில் கண்டதுபோல எழுதுவது பிழை. பெண் ஆய்வாளருக்கும் அனுமதிக்கும் வெளியீட்டுக்கும் இடையே ஓர் அறச்சிக்கல் உள்ளது. சொல்லக்கூடாது என்பது சடங்கின் பகுதி. அதை மீறி எழுதும்போது விவரம் கிடைக்கும், சடங்கு குறைபடும்.

மதிப்பீடு

தாழக்குடி அருகே உள்ள அவ்வையாரம்மன் கோயிலில் ஆடிச் செவ்வாய்களில் பெண்கள் பகலில், வெளிப்படையாகக் கொழுக்கட்டை அவித்துப் படைக்கிறார்கள். செய்தித்தாள்களில் படங்கள் வருகின்றன. வழிபாடு நீடிக்கிறது. ஆனால் மூடிய கதவுக்குப் பின்னிருந்த உரையாடல் அங்கே இல்லை. கோயில் விழாவைக் கொண்டு வீட்டு நோன்பை விளக்கும் பதிவுகள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகின்றன. பங்கேற்ற பெண்கள், தாங்கள் விரும்பிய அளவுக்கு மட்டும், தாங்களே எழுதுவதே இந்நோன்புக்குப் பொருத்தமான பதிவாக அமையும்.